ஆறாம் வகுப்புக்கு ஊர் நடுநிலைப் பள்ளி போதுமா? சேர்த்தவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள்

நூல்கண்டு | மே 14, 2025

வணக்கம். பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பெண் பக்கத்தில் இருக்கும் நர்சரி பிரைமரியில் ஐந்தாவது முடித்துவிட்டாள். அங்கே ஐந்தோடு சரி, மேலே வகுப்பு கிடையாது.

மெட்ரிக் பள்ளி ஒன்றில் விசாரித்தேன். ஃபீஸ், வேன், புத்தகம், யூனிஃபார்ம், ஆண்டுவிழா என்று அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டைக் கூட்டிப் பார்த்தால் என்னுடைய நாலரை மாதச் சம்பளம் வருகிறது. மார்ச், ஏப்ரலில் கூலிப் பிரச்சினையில் தறி நின்றபோதே கையில் இருந்ததும் கரைந்துவிட்டது.

ஊரிலேயே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இருக்கிறது. வீட்டிலிருந்து நடந்தால் 6 நிமிடம். இல்லாவிட்டால் டவுனில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, 9 கிலோமீட்டர், ஒரு பஸ். நேற்று நடுநிலைப் பள்ளியைப் போய்ப் பார்த்தேன். லீவு என்பதால் கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்த வரை நல்ல பெயின்ட், சுவரில் திருவள்ளுவர், 'ஆங்கில வழிக் கல்வி உண்டு' என்று ஒரு ஃப்ளெக்ஸ். பெயின்ட்டை வைத்து என்னத்தை முடிவு செய்வது? உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

ஒண்டிப்புதூரான் | மே 14

கடனை உடனை வாங்கியாவது மெட்ரிக்கில் போட்டுவிடுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

கடைசிபெஞ்ச் | மே 14

என்ன அனுபவம் அண்ணா? அதைச் சொன்னால்தானே அக்காவுக்கு உதவும்.

ஒண்டிப்புதூரான் | மே 14

சரி, சொல்கிறேன். பள்ளிப் பெயர் வேண்டாம்.

என் பையன் 6, 7 இரண்டு வருடமும் ஊர் நடுநிலைப் பள்ளியில்தான் படித்தான். ஆறாவதில் கணக்கு டீச்சர் பிரசவ லீவில் போனார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அது அவருடைய உரிமை. ஆனால் அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. வருடம் முழுக்க சமூக அறிவியல் சார்தான் கணக்கையும் பார்த்துக்கொண்டார். பார்த்துக்கொண்டார் என்றால், கைடை வைத்து போர்டில் எழுதிப் போடுவார், பிள்ளைகள் அப்படியே நோட்டில் இறக்கும். அடுத்த வருடம் டீச்சர் திரும்பி வந்தார், இரண்டே மாதத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பையன் நோட்டைப் பார்த்தால் எல்லாக் கணக்கும் சரி. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டிக். ஒரு நாள் மளிகைக் கடையில் நின்றுகொண்டு, 'துவரம் பருப்பு கிலோ 160, முக்கால் கிலோ எவ்வளவுடா?' என்று கேட்டேன். முழித்தான். கடைக்காரர் வேறு பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கிலீஷ் மீடியம் என்று நம்பிச் சேர்த்தேன். இரண்டு மீடியமும் ஒரே அறை, ஒரே டீச்சர், நடத்துவது தமிழில். புத்தகம் மட்டும் இங்கிலீஷ். எட்டாவது வரை யாரையும் ஃபெயில் போடுவதில்லை. அதனால் ரேங்க் கார்டைப் பார்த்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. எட்டாவதுக்கு மெட்ரிக்கில் கொண்டுபோனால், ஒரு டெஸ்ட் வைத்துவிட்டு ஏழாவதிலேயே உட்காரச் சொன்னார்கள். ஒரு வருடம் போனது போனதுதான்.

கணக்குவாத்தி | மே 15

நான் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். அண்ணா சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: டெஸ்ட் வைத்து ஒரு வகுப்பு கீழே இறக்கியது சட்டப்படி தப்பு. வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், சேர்க்கும்போது தேர்வு வைக்கவும் கூடாது.

நூல்கண்டு அக்கா, நடுநிலைப் பள்ளி என்பது ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பள்ளிக்கூடம் மாதிரி. 1 முதல் 5 வரை இடைநிலை ஆசிரியர்கள். 6 முதல் 8 வரை பட்டதாரி ஆசிரியர்கள், நாங்கள் பி.டி. என்போம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இந்த மூன்று வகுப்புகளுக்கும் சேர்த்துக் கேட்பது: அறிவியல், கணக்குக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர். அப்புறம் 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு. பிள்ளைகள் குறைவாக இருந்தால் மூன்றே பேர்தான். ஐந்து பாடம், மூன்று வகுப்பு, மூன்று ஆசிரியர். இதில் ஒரு நாற்காலி காலியானால் மூன்று வகுப்புக்கும் ஒரு பாடம் போச்சு. மேல்நிலைப் பள்ளியில் ஒரு கணக்கு டீச்சர் லீவு போட்டால் இன்னொருவர் எட்டிப் பார்ப்பார். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதனால் பள்ளி திறந்ததும் போய் நேரடியாகக் கேளுங்கள். 6 முதல் 8 வரை எத்தனை பி.டி., யார் யார் என்ன பாடம், எத்தனை வருடமாக இருக்கிறார்கள், யாராவது மாற்றுப்பணியில் வேறு பள்ளிக்குப் போயிருக்கிறார்களா. மொழி ஆசிரியர் தமிழா, இங்கிலீஷா என்றும் கேளுங்கள், இதை யாருமே கேட்பதில்லை. தமிழ் என்றால் இங்கிலீஷை வேறு யாரோ தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று அர்த்தம். ஸ்மார்ட் போர்டு, ஹைடெக் லேப் எல்லாம் அதற்கு அப்புறம்.

இன்னொன்று. என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வில் போன மூன்று வருடத்தில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கேளுங்கள். எட்டாவது படிக்கும்போது எழுதுவது. மனத்திறன் 90, படிப்பறிவு 90, மொத்தம் 180 மதிப்பெண். வீட்டு வருமானம் வருடம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். மாநிலம் முழுக்க 6,695 பேருக்குத்தான் கிடைக்கும், போட்டி கடுமை. ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் வருடத்துக்கு ஒரு பிள்ளை தேறினால்கூட அங்கே யாரோ ஒரு டீச்சர் பெல் அடித்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நூல்கண்டு | மே 15

ரொம்ப நன்றி சார். ரேஷன் கார்டுக்குப் பின்னாலேயே எழுதி வைத்துக்கொண்டேன். மொழி ஆசிரியர் விஷயம் எனக்குத் தோன்றியே இருக்காது.

எட்டாப்பு_பையன் | மே 16

நான் ஜூனில் எட்டாவது போகிறேன். நடுநிலைப் பள்ளிதான். அப்பா ஃபோனில் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி நல்ல பள்ளி. அறிவியல் மிஸ் சூப்பர். வானவில் மன்றத்திலிருந்து ஓர் அக்கா வருவார், பலூன், ஸ்ட்ரா, சிரிஞ்ச் எல்லாம் வைத்துச் செய்து காட்டுவார், எங்களையும் செய்யச் சொல்வார். சிரிஞ்ச் இரண்டை டியூபில் இணைத்து ஒன்றை அழுத்தினால் இன்னொன்று எழும்பும். அதை வைத்து நானும் என் நண்பனும் ஜேசிபி செய்தோம். கலைத் திருவிழாவில் வட்டார அளவு வரை போனேன், பறை.

பிடிக்காதது சொல்லவா? விளையாட்டுப் பீரியடு டைம்டேபிளில் எல்லா வகுப்புக்கும் இருக்கும். ஆனால் விளையாட்டு சார் பகுதிநேரம், வாரத்தில் மூன்று அரை நாள்தான் வருவார். மற்ற நாளில் அந்தப் பீரியடில், கம்ப்யூட்டரில் பள்ளி விவரம் ஏற்றும் எமிஸ் வேலைக்கு மிஸ் போய்விடுவார், நாங்கள் சத்தம் போடாமல் உட்கார வேண்டும். ஒரு தடவை பெயர் எழுதும் லீடரையே நாங்கள் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அப்புறம் காலைச் சாப்பாடு. ஒன்று முதல் ஐந்து வரைதான் உண்டு. எங்களுக்குக் கிடையாது. தம்பி மூன்றாவது. அம்மா 7 மணிக்கே கம்பெனி போய்விடுவதால் இருவரும் சேர்ந்துதான் வருவோம். அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருவான். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். பொங்கல் என்றால் வாசனை வரும். சில நாள் தம்பி பாதியை வைத்துவிட்டு, 'எனக்குப் போதும்' என்பான். போதாது என்று எனக்குத் தெரியும்.

கடைசிபெஞ்ச் | மே 16

தம்பி, உன் கடைசி வரிக்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

வேப்பமரத்தடி | மே 16

இந்தப் பையன் சொன்னதை நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசியிருக்கிறேன். காலை உணவு 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் தொடக்கப் பள்ளியில் இந்தக் கஷ்டம் தெரியாது, அங்கே எல்லோரும் ஐந்துக்குள். நடுநிலைப் பள்ளியில்தான் ஒரே வராண்டாவில் பாதிப் பேர் சாப்பிட, பாதிப் பேர் பார்த்துக்கொண்டு நிற்பது. 11 வயதாகிவிட்டால் பசிக்காதா? தீர்மானம் எழுதி அனுப்பினோம். மேலே போயிருக்கிறது என்கிறார்கள்.

மட்டுறுத்துநர் | மே 16

ஒரு பதிவில் பள்ளி பெயரும் ஆசிரியர் பெயரும் இருந்தன, நீக்கியிருக்கிறேன். அனுபவத்தைச் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். எட்டாப்பு_பையனுக்கு யாரும் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம்.

அவிநாசிலிங்கம்பாளையம் | மே 17

யாரும் தொடாத விஷயத்தை நான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். திருப்பூர்ப் பக்கம் இப்போது பல அரசுப் பள்ளிகளில் வடக்கத்திப் பிள்ளைகள்தான் பாதி. டீச்சர் அவர்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பாரா, நம் பிள்ளைக்கு அல்ஜீப்ரா நடத்துவாரா? என் தங்கை மகளை இதற்காகவே மாற்றிவிட்டோம்.

வேப்பமரத்தடி | மே 17

அண்ணா, என் மகள் ஏழாவது. அவளுக்குப் பக்கத்தில் உட்காருபவள் ஒடிசா பிள்ளை. நாலாவதில் வந்து சேர்ந்தபோது ஒரு வார்த்தை பேச மாட்டாள், வாசல்படியிலேயே நிற்பாள். ஆறு மாதத்தில் என் மகளோடு தமிழில் சண்டை போட ஆரம்பித்துவிட்டாள், அதுவும் நம்ம கொங்குத் தமிழில், 'ஏனுங்' போட்டு. இப்போது அவள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் நர்ஸிடம் பேசுவது அவள்தான். கணக்கில் என் மகளைவிட நாலு மார்க் அதிகம். வீட்டில் தினமும் இந்த நாலு மார்க்கைப் பற்றித்தான் பேச்சு.

கஷ்டம் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆறாவதில் நேராக வந்து சேரும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தே தெரியாது, பி.டி. டீச்சருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்துப் பழக்கமும் இல்லை. அந்தப் பிள்ளை பாவம், கடைசி பெஞ்சில் படம் வரைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஊருக்குப் போகிறோம் என்று மாதக்கணக்கில் போய்விடுவார்கள், டி.சி. வாங்க மாட்டார்கள், திரும்பி வருவார்களா என்றும் தெரியாது. ஆனால் இதில் தவிப்பது அந்தப் பிள்ளை. நம் பிள்ளைக்கு அல்ஜீப்ரா போகாததற்குக் காரணம் அது இல்லை.

அவிநாசிலிங்கம்பாளையம் | மே 17

சரிங்க, நீங்கள் பார்த்ததை நீங்கள் சொல்கிறீர்கள், நான் பார்த்ததை நான்.

பழைய_ஹெச்எம் | மே 18

ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. 33 வருட சர்வீஸில் கடைசி 9 வருடம் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். டீச்சர்களைத் திட்டும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நடுநிலைப் பள்ளிக்கு எழுத்தர் கிடையாது. அலுவலக உதவியாளர் கிடையாது. ராத்திரிக் காவலர் கிடையாது. ஆனால் ஓர் அலுவலகத்துக்கு வரும் அத்தனை தாளும் வரும். எமிஸில் வருகைப்பதிவு, உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு, அதற்கு ஆதார், ஆதாரில் பெயர் 'சுபாஷினி', பள்ளியில் 'சுபாசினி', அதைத் திருத்த ஒரு நடை. இதையெல்லாம் ஹெச்.எம். தனியாகச் செய்ய முடியாது, அவருக்கும் வகுப்பு உண்டு. அதனால் கம்ப்யூட்டர் தெரிந்த டீச்சர் யாரோ அவர் மாட்டுவார். பெரும்பாலும் அது கணக்கு டீச்சராகத்தான் இருக்கும்.

காலணி கதை சொல்கிறேன். பிள்ளைகளின் கால் அளவை எடுத்து எமிஸில் ஏற்றச் சொல்வார்கள். எடுத்து ஏற்றுவோம். மாதங்கள் கழித்துக் காலணி வரும்போது கால் வளர்ந்திருக்கும். எட்டாவது பையன் காலணியை வாங்கி அப்படியே தம்பிக்குக் கொடுப்பான். ஒரு வருடம் நான் எல்லோருக்கும் ஒரு சைஸ் கூட்டிப் போட்டேன். அந்த வருடம் பார்த்து சீக்கிரம் வந்துவிட்டது. வராண்டாவில் பிள்ளைகள் நடந்தால் குதிரை லாடச் சத்தம்.

முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 1ஆம் தேதி எத்தனை பிள்ளைகள் பதிவேட்டில் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஒரு டீச்சர் 'உபரி' ஆகிவிடுவார், பணிநிரவலில் வேறு ஊருக்குப் போவார். டீச்சர் இல்லை என்று பெற்றோர் பிள்ளையை எடுக்கிறார்கள், பிள்ளை போனது என்று டீச்சரை எடுக்கிறார்கள். என் கண் முன்னால் 140 பிள்ளை இருந்த பள்ளி 60க்கு வந்தது இப்படித்தான். ஒண்டிப்புதூரான் தம்பி செய்ததைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் பிள்ளை அவருக்கு.

கடைசிபெஞ்ச் | மே 18

ஐயா, குதிரை லாடம் சூப்பர்.

அக்கா, நானும் ஊர் நடுநிலைப் பள்ளிதான். எட்டு வரை அங்கே, அப்புறம் டவுன் அரசு மேல்நிலைப் பள்ளி. இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். ஃபீஸ் அரசாங்கம் கட்டுகிறது, ஹாஸ்டலுக்கும் சேர்த்து. இதை இங்கே யாரும் சொல்லாதது ஆச்சரியம். மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரித்தார்கள். இதற்கு ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளிக்கு இது கிடையாது, பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

என்னோடு பன்னிரண்டில் படித்தவன் ஒருவன், என்னைவிட நல்ல மார்க். மெட்ரிக்கில் எட்டு வரை படித்துவிட்டு, வீட்டில் முடியாமல் ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தவன். ஃபீஸ் கட்ட முடியாமல் வந்தவனுக்கு ஃபீஸ் கட்டியதாலேயே இடம் போனது. இப்போது கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் லோன் போட்டுப் படிக்கிறான்.

உங்கள் பெண்ணுக்கு இன்னொன்றும் உண்டு. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய். அதற்கும் கணக்கு ஆறாவதிலிருந்துதான்.

ஒண்டிப்புதூரான் | மே 18

பன்னிரண்டாவதுக்குப் பிறகு கிடைக்கப்போகும் சலுகைக்காக ஆறாவதில் கணக்கு டீச்சர் இல்லாத வகுப்பில் உட்கார வைப்பதா தம்பி? 7.5 சதவீதத்துக்கும் நல்ல மார்க் வேண்டும், சும்மா கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

கடைசிபெஞ்ச் | மே 18

உண்மைதான் அண்ணா. எங்களுக்குக் கணக்கு டீச்சர் இருந்தார். இல்லாவிட்டால் நான் இங்கே எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அதுவும் தெரியும்.

மணியகாரம்மா | மே 19

டவுன் பெண்கள் பள்ளி பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. என் பெண் அப்படி ஒரு பள்ளியில் ஏழாவது. பாடத்துக்குப் பாடம் டீச்சர் உண்டு, விளையாட்டுக்கு முழுநேர பி.இ.டி. டீச்சர் உண்டு, போன வருடம் கோ-கோவில் மாவட்டம் வரை போனார்கள். பன்னிரண்டு வரை அங்கேயே, எட்டாவதில் டி.சி.க்கு அலைய வேண்டாம். ஆனால் ஒரு செக்ஷனில் 58 பேர். என் பெண் பேரை அவள் கிளாஸ் டீச்சர் தெரிந்துகொண்டது அக்டோபரில். 7.40 பஸ்ஸை விட்டால் அடுத்தது 8.35, அதில் ஏறினால் ப்ரேயர் முடிந்துவிடும். டவுன் பஸ்ஸில் நமக்கெல்லாம் டிக்கெட் இல்லை, பிள்ளைக்கும் பாஸ் உண்டு. செலவு பிரச்சினை இல்லை. 11 வயதுப் பிள்ளை படிக்கட்டில் நிற்கும் காலேஜ் பையன்களைத் தள்ளிக்கொண்டு இறங்க வேண்டும், அதுதான். பழகிவிட்டாள். எனக்குத்தான் பழகவில்லை.

நூல்கண்டு | மே 19

அக்கா, நீங்கள் சொன்னதில் அந்த 7.40தான் உறைக்கிறது. எனக்கு 8க்கு ஷிப்ட். பஸ் ஏற்றிவிட ஆள் கிடையாது.

வேப்பமரத்தடி, ஒன்று கேட்கிறேன். பெண்பிள்ளை, இன்னும் ஒரு வருடத்தில் வயதுக்கு வந்துவிடுவாள். நடுநிலைப் பள்ளியில் கழிப்பறை எப்படி இருக்கும்?

வேப்பமரத்தடி | மே 20

இதற்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கட்டடம் இருக்கும். நாப்கின் தருவார்கள். தண்ணீரும் தாழ்ப்பாளும்தான் ஊருக்கு ஊர் மாறும்.

எங்கள் பள்ளியில் பெண்கள் கழிப்பறை மூன்று கதவில் ஒன்றுக்குத்தான் தாழ்ப்பாள். பெரிய பிள்ளைகள் ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என் மகள் வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் ஓடுவாள். ஏன் என்று எனக்கு இரண்டு மாதம் புரியவில்லை. காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் மேலாண்மைக் குழுவில் சேர்ந்தேன்.

குழுவில் 24 பேர், பெரும்பாலும் பெற்றோர், பெண்கள்தான் அதிகம். வெள்ளிக்கிழமை கூட்டம். முதல் கூட்டத்தில் தாழ்ப்பாள் என்று சொன்னேன், தீர்மானம் எழுதினார்கள். இரண்டாவது கூட்டத்தில் செயலியில் ஏற்றியாகிவிட்டது என்றார்கள். மூன்றாவது கூட்டத்தில் ஊராட்சியிலிருந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார்கள். நாலாவது கூட்டத்துக்கு நான் ஹார்டுவேர் கடையிலிருந்து 85 ரூபாய்க்கு ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு போனேன். தச்சு வேலை செய்யும் ஓர் அப்பா மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து அரை மணியில் அடித்துக் கொடுத்தார். நான் செய்தது சரியா என்று இன்னும் எனக்குச் சந்தேகம். நாம் வாங்கிக் கொடுத்துவிட்டால் அவர்கள் எப்போது வாங்குவார்கள்? ஆனால் அன்று சாயங்காலம் என் மகள் பையை வைத்துவிட்டு நிதானமாக வந்து உட்கார்ந்தாள்.

போகும்போது டாய்லெட்டைக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள்.

ஒண்டிப்புதூரான் | மே 20

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளி பார்க்கலாமே என்று எழுத வந்தேன். அது எல்.கே.ஜி.யில், ஒன்றாவதில் சேர்ப்பவர்களுக்குத்தான். இந்த வருடம் அதுவும் இன்னும் திறக்கவில்லை, மத்திய அரசு நிதி தரவில்லை என்று இழுத்துக்கொண்டு கிடக்கிறது. விட்டுவிடுங்கள்.

நூல்கண்டு | ஜூன் 4

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. நேற்று அரை நாள் லீவு போட்டுப் போய்வந்தேன்.

ஹெச்.எம். அம்மா நான் கேள்விச் சீட்டை எடுத்ததும் சிரித்துவிட்டார். 'இந்தக் கேள்வியெல்லாம் பி.இ.ஓ.கூடக் கேட்கறதில்லைங்க' என்றார், வட்டாரக் கல்வி அலுவலரைச் சொல்கிறார். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார், மழுப்பவில்லை. 6 முதல் 8 வரை 71 பிள்ளைகள், மூன்று பி.டி., மூவரும் இருக்கிறார்கள். கணக்கு டீச்சர் ஐந்து வருடமாக இதே பள்ளி. என்.எம்.எம்.எஸ். மூன்று வருடத்தில் 0, 2, 1. மொழி ஆசிரியர் தமிழ். இங்கிலீஷ்? 'சமூக அறிவியல் சார்தான் எடுக்கறார், அவராலே முடிஞ்சதைச் செய்யறார்' என்றார். இங்கிலீஷ் மீடியம் பற்றிக் கேட்டேன். 'தமிழ் மீடியத்தில் போடுங்க, இங்கிலீஷை ஒரு பாடமா நல்லாப் படிக்கட்டும்' என்று அவரே சொல்லிவிட்டார். வெளியே ஃப்ளெக்ஸ், உள்ளே இந்தப் பதில். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

கழிப்பறையைப் பார்த்தேன். தாழ்ப்பாள் எல்லாக் கதவிலும் இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் இல்லை. மோட்டார் போட வேண்டியவர் 11 மணிக்குத்தான் வருவாராம்.

பக்கத்துத் தெருப் பிள்ளையின் ஏழாவது கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். எனக்குக் கணக்கு தெரியாது. ஆனால் டிக் மட்டும் போட்டு விடவில்லை. ஒரு கணக்கில் வட்டம் போட்டு, 'இரண்டாவது வரியில் என்ன செய்தாய்? நாளை என்னிடம் சொல்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பிள்ளை மறுபடி போட்டிருந்தது, அதிலும் தப்பு, அதற்கும் வட்டம்.

சேர்த்துவிட்டேன். வீட்டுக்காரருக்கு முழுச் சம்மதம் இல்லை. ஒரு வருடம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

கணக்குவாத்தி | ஜூன் 4

அந்த நோட்டு போதும் அக்கா. இங்கிலீஷுக்கு மட்டும் இப்போதே வழி பாருங்கள்.

பழைய_ஹெச்எம் | ஜூன் 5

71 என்றால் 72 ஆயிற்று. ஆகஸ்ட் 1 வரைக்கும் ஒருத்தரையும் டி.சி. வாங்க விடாதீர்கள் என்று அந்த ஹெச்.எம். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவருக்கே தெரிந்திருக்கும்.

எட்டாப்பு_பையன் | ஜூன் 7

எங்களுக்குப் புது பி.இ.டி. சார் வரவில்லை. ஆனால் கேரம் போர்டு வந்திருக்கிறது.

மணியகாரம்மா | அக்டோபர் 4

காலாண்டு முடிந்துவிட்டதே, நூல்கண்டு எப்படி இருக்கிறீர்கள்? பெண் எப்படிப் படிக்கிறாள்?

நூல்கண்டு | அக்டோபர் 5

மறக்காமல் கேட்டதற்கு நன்றி அக்கா. எழுத நினைத்து நினைத்துத் தள்ளிப்போய்விட்டது.

நல்லதை முதலில் சொல்கிறேன். ஜூலையில் 'திறன்' என்று ஒரு தேர்வு வைத்தார்கள், ஆறு முதல் ஒன்பது வரை பிள்ளைகளுக்குத் தமிழ், இங்கிலீஷ், கணக்கில் அடிப்படை தெரிகிறதா என்று பார்க்க. என் பெண் வகுப்பில் 23 பேரில் 9 பேர் அதில் பின்தங்கி, தனிப் பயிற்சிப் புத்தகம் வாங்கினார்கள். என் பெண்ணும் அந்த ஒன்பதில் ஒருத்தி, இங்கிலீஷில். ஐந்து வருடம் ஃபீஸ் கட்டிய நர்சரி பிரைமரியில் ஏ ப்ளஸ் வாங்கியவள்! வீட்டுக்காரர் கார்டை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் 'ஒரு வருடம் பார்க்கலாம்' என்ற பேச்சு வரவில்லை.

ஆகஸ்டில் யாரையும் பணிநிரவலில் எடுக்கவில்லை. தண்ணீர் இன்னமும் 11 மணிக்குத்தான். மேலாண்மைக் குழுவில் நான் இல்லை, ஆனால் கூட்டத்துக்குப் போய் ஓரமாக நின்று அதை மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு வருகிறேன். என்னைப் பார்த்தாலே 'மோட்டார் அக்கா வந்துட்டாங்க' என்கிறார்கள்.

இங்கிலீஷ் கஷ்டம்தான். சார் பாடத்தைத் தமிழில் கதையாகச் சொல்கிறார், பிள்ளைகள் ரசிக்கின்றன, இங்கிலீஷ் வரவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண்ணிடம் அரை மணி வாசிக்க விடுகிறேன். மாதம் 300 கொடுக்கிறேன், அவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

கணக்கு டீச்சருக்கு இவள் பயப்படுகிறாள், ஆனால் அவர் வராத நாளில் முகம் சுருங்கிப் போகிறது. ஒண்டிப்புதூர் அண்ணா, போன வாரம் கடையில் உங்கள் பருப்புக் கணக்கை அப்படியே கேட்டேன். கிலோ 160, முக்கால் கிலோ எவ்வளவு என்று. விரலைக்கூட மடக்காமல் 120 என்றாள். அப்புறம் கடைப் பலகையைப் பார்த்துவிட்டு, 'ஆனா இங்க 160 இல்லம்மா, நீ தப்பான ரேட்டு சொல்ற' என்றாள்.